ஏடு கலைந்த பீப்பாய்கள்

ஒதிலின் வாய்க்கு பிரான்சின் ஜூரா மலைப்பக்கமே பயப்படும். வெள்ளை ஒயின் ருசி பார்க்க வருகிறவர்கள் நிலவறைப் படியில் கால் வைப்பதற்குள், "பீப்பாயைத் தட்டாதீங்க! மூடியைத் தொடாதீங்க! சென்ட் போட்டவங்க வெளியிலயே நில்லுங்க!" என்று கத்துவாள். புருஷன் போன பிறகு இருபது வருடமாகத் திராட்சைத் தோட்டத்தைத் தனியாளாகக் கட்டிக் காத்தவள். அந்தக் கோபம் மட்டும் இல்லையென்றால் கொழுந்தன்மார் தோட்டத்தை என்றோ விழுங்கியிருப்பார்கள்.

அவள் உயிர் ஐந்து பீப்பாய்களில் இருந்தது. அந்த ஒயினை ஆறு வருடம் மூன்று மாதம் தொடவே கூடாது. அது வற்றிக் குறையக் குறைய, மேலே பாலில் படிவது போல ஏடு படியும். ருசியே அந்த ஏட்டால்தான். ஒரு சொட்டு ஊற்றி நிரப்பினாலும் 'மஞ்சள் ஒயின்' என்று பெயர் ஒட்ட முடியாது. ஐந்து மாதம்தான் பாக்கி இருந்தது. அந்த நேரம் பார்த்து மூட்டு ஆபரேஷனுக்காக ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று.

திரும்பி வந்ததும் முதல் பீப்பாயைத் திறந்தாள். வாய் வரை நிறைந்திருந்தது. ஏட்டைக் காணோம்.

"எவன் இதுல கைய வச்சது?"

மருமகன் பஸ்தியான் பெருமையாகச் சிரித்தான். பக்கத்து ஒயின் சீமையான பர்கண்டியிலிருந்து வந்தவன், உழைப்பாளி. "நான்தான் அத்தை. வந்தவங்கல்லாம் 'என்ன, இவ்வளவு குறைஞ்சு கிடக்கு?'ன்னு கேட்டாங்க. மானமே போச்சு. எங்க ஊர்ல வாராவாரம் நிரப்பலேன்னா காறித் துப்புவாங்க."

"எதை ஊத்தினே?"

"கடைசி ரெண்டையும் காலி பண்ணி, முன்னாடி மூணை நிரப்பிட்டேன்."

ஊன்றுகோல் பறந்து சுவரில் மோதியது. "அடப்பாவி! ஆறு வருஷம்டா! மூளையை உங்க ஊர்லயே கழட்டி வச்சிட்டு வந்தியா?" அதுவரை மாப்பிள்ளை, நீங்க என்று கூப்பிட்ட வாய் அது.

பஸ்தியானுக்கு முகம் வெளுத்துவிட்டது. "வர்றவங்க எல்லார்கிட்டயும் தொடாதேன்னு கத்துறீங்க. ஏன்னு எங்கிட்ட ஒரு நாளாவது சொன்னீங்களா? அது வெளியாளுங்களுக்குன்னு நெனச்சேன் அத்தை."

நாலு வருடமாக ஒரே மேஜையில் சாப்பிட்டவன். அந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்ததை இவனுக்குச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கோபம் அடங்கவில்லை. ஆனால் அதை இனி அவன் மேல் மட்டும் கொட்ட முடியவில்லை, அதுதான் இன்னும் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாரிஸிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. ஒருவர் கடைசிப் பீப்பாயைத் தட்டிப் பார்த்து, "இது ஏன் காலியா இருக்கு?" என்றார்.

பஸ்தியான் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் வீட்டு மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாததால காலி," என்றாள் ஒதில். "உங்ககிட்டதான் சொன்னேன்ல, தட்டாதீங்கன்னு? கைய எடுங்க!"