கடிதத்தில் எழுதாத பூனை

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் என் கணவர் தனியே இருந்த வீட்டின் கதவைத் திறந்ததும், முதலில் வந்து எங்களைப் பார்த்தது ஒரு பூனை. சாம்பல் நிறம், வயிறு மட்டும் வெள்ளை. வாலை நிமிர்த்திக்கொண்டு நடந்து வந்து, என்னைத் தாண்டிப் போய் அவருடைய காலில் முதுகைத் தேய்த்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் சூட்கேஸைக் கீழே வைத்துவிட்டு, பிடிபட்ட மனிதரைப்போல, "இதுவும் இஞ்சைதான் இருக்குது" என்றார்.

நாங்கள் பிரிந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டபோது எங்கள் மகள் மூன்று மாதக் குழந்தை. டென்மார்க்கில் அவருக்கு இருக்க அனுமதி கிடைத்ததும் எங்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டார். ஒரு வருடத்துக்குள் போய்விடலாம் என்று நினைத்திருந்தோம். ஆனால் தமிழ்க் குடும்பங்களின் விண்ணப்பங்கள் எங்கோ அசையாமல் கிடந்தன. ஏன் என்று அங்கேயிருந்த அவருக்கும் தெரியவில்லை, ஊரில் இருந்த எனக்கும் தெரியவில்லை. கடிதங்கள் மட்டும் போய் வந்தன. பனி எப்படியிருக்கும், வேலைக்கு எந்தச் சப்பாத்துப் போட வேண்டும், வெள்ளைக்காரர் உருளைக்கிழங்கை எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவார். பூனையைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை.

அதுதான் என்னைச் சுட்டது. இரண்டு அறை வீடு. அந்தப் பூனைக்கு ஜன்னலோரத்தில் மடித்துப் போட்ட கம்பளி இருந்தது, தனிக் கோப்பை இருந்தது, கட்டிலில் அவருடைய கால்மாட்டில் ஓர் இடமும் இருந்தது. நான் படுக்கப் போனால், வந்த விருந்தாளி எப்போது புறப்படுவாள் என்பதுபோலப் பார்க்கும். போர்வையெல்லாம் மயிர். ஒருநாள் சோற்றுக்குள்ளும் ஒன்று கிடந்தது.

அவர் அதற்குப் பேர் வைக்கவில்லை. "பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார். "பிள்ளை, வா, சாப்பிடு. பிள்ளை, அங்கை ஏறாதை." சொந்தப் பிள்ளையைக் கூப்பிட அவருக்குத் தயக்கமாக இருந்தது. அவளோ அவரைக் கண்டால் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். அவர் காலையில் இறைச்சித் தொழிற்சாலை வேலைக்குப் போன பிறகுதான் வெளியே வந்து, "அம்மா, அந்த மாமா போயிட்டாரோ?" என்று கேட்பாள்.

"மாமா இல்லையடி, அப்பா."

"ஓம். அந்த மாமா போயிட்டாரோ?"

பூனையோடு மட்டும் அவளுக்கு ஒரு பயமும் இல்லை. நாள் முழுக்க அதன் பக்கத்தில் தரையில் படுத்துக் கிடப்பாள். அதுவும் பொறுமையாக வாலைப் பிடித்து இழுக்கவிடும். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. இரண்டு பேரையும் அது தன் பக்கம் எடுத்துக்கொண்டது என்று தோன்றியது.

"கட்டிலிலை அது ஏறக் கூடாது" என்று ஒருநாள் சொன்னேன். அவர் ஓர் அட்டைப் பெட்டியில் பழைய சுவெற்றரைப் போட்டு அறைக்கு வெளியே நடையில் வைத்தார். அது அந்தப் பெட்டிக்குள் படுக்காமல் எங்கள் அறைக் கதவடியில் உட்கார்ந்து கத்தியது. அவர் எழும்பிப் போகாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அதைப் பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை.

நாங்கள் வந்து மூன்றாவது கிழமை. கறித்தூளுக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன். காற்றுக்குப் பேர்போன அந்த ஊரில், அன்று பார்த்து ஜன்னல் வழியாக ஒரு காற்றும் வரவில்லை. மகள் இருமத் தொடங்கினாள். புகை போகட்டும் என்று படிக்கட்டுப் பக்கக் கதவைத் திறந்து வைத்தேன். பூனை வந்து வாசற்படியில் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தது. ஓர் எட்டு வைத்தால் பிடித்திருக்கலாம். ஒரு சொல் சொன்னால்கூட நின்றிருக்கும். நான் கரண்டியும் கையுமாக நின்றேன். அது படியிறங்கிப் போயிற்று. நான் போய்க் கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகு ஒரு பத்து நிமிடம் நிம்மதியாக இருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

நான்கு மணிக்கு அவர் வந்தார். இரண்டாவது சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே, "பிள்ளை எங்கை?" என்று கேட்டார்.

"மிளகாய் வறுத்தனான். கதவு திறந்திருந்தது" என்றேன். சொன்னது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

அவர் கழற்றிய ஒரு சப்பாத்தைத் திரும்பவும் போட்டார். அப்போதுதான் என் மகள் என் பின்னாலிருந்து வெளியே வந்தாள். தன் குட்டிச் சப்பாத்துகளைத் தூக்கிக்கொண்டு நேரே அவரிடம் போனாள்.

"நானும் வாறன்" என்றாள்.

அவர் குந்தியிருந்து அவளுடைய சப்பாத்தை மாட்டிவிட்டார். அவருடைய விரல்களுக்கு அந்தக் கொக்கி பிடிபடவே நேரமெடுத்தது. நான் ஜன்னலால் பார்த்தேன். தூறலில் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையைச் சுற்றி இருவரும் நடந்தார்கள். அவள் அவருடைய ஒற்றை விரலைப் பிடித்திருந்தாள். இருட்டும் வரைக்கும் தேடிவிட்டு நனைந்து வந்தார்கள். அவர் என்னை ஏசியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லித் தப்பியிருப்பேன். அவர் ஏசவில்லை. மகளின் தலையைத் துவட்டிவிட்டு, பூனையின் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் புறப்படும்போது கேட்டேன். "பூனைக்கு இவையின்ரை பாசையிலை என்ன சொல்லுறது?"

"கெட்."

"காணேல்லை எண்டதுக்கு?"

அவர் பேனையைத் தேடி எடுத்தார். பிறகு ஓர் உறையின் பின்புறத்தில் தமிழெழுத்தில் எழுதித் தந்தார்: மின் கெட் எயர் வெக். என் பூனையைக் காணவில்லை.

அதுவரை நான் அந்த வீட்டைவிட்டு அவரில்லாமல் வெளியே போனதில்லை. மகளுக்கு உடுப்புக்கு மேல் உடுப்பாகப் போட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு, கையில் அந்த உறையோடு படியிறங்கினேன். முதல் கதவில் ஒருவரும் இல்லை. அடுத்ததில் ஒரு மனிதர் நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு இல்லையென்று தலையை ஆட்டினார். மூன்றாவது, எங்கள் வீட்டுக்கு நேர் கீழே இருந்த கதவு. திறந்தவள் என் வயதுக்காரி, நல்ல உயரம், கன்னத்தில் மா ஒட்டியிருந்தது. ரொட்டி சுடும் வெதுப்பகத்தில் விடிய முந்தியே வேலை தொடங்கி மத்தியானத்துக்கு முன் வீடு திரும்புகிறவள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"மின் கெட் எயர் வெக்" என்றேன்.

அவள் மடமடவென்று ஏதோ கேட்டாள். எனக்கு விளங்கவில்லை என்று கண்டதும் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்துக்கு மாறினாள். "சாம்பல் பூனையா? உன் கணவருடைய பூனையா?"

ஓம் என்று தலையாட்டினேன். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

கட்டடத்தைச் சுற்றிவிட்டு நிலவறைக்கு இறங்கினோம். அங்கே துணி தோய்க்கும் இயந்திரங்களும், ஒவ்வொரு வீட்டுக்கும் பூட்டுப் போட்ட சாமான் அறை ஒன்றும் இருந்தன. நீண்ட நடையில் நின்று அவள், "மிஸ், மிஸ், மிஸ்" என்று கூப்பிட்டாள். டேனிஷ்காரர் பூனையை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். ஒரு சத்தமும் இல்லை. திரும்ப ஒருமுறை கூப்பிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ கூப்பிடு" என்றாள்.

நான் அதுவரை அந்தப் பூனையை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. என் மகள் என் கையை உலுக்கினாள். "அம்மா, பிள்ளை எண்டு கூப்பிடுங்கோவன்."

"பிள்ளை" என்றேன். "பிள்ளை, எங்கையம்மா நிக்கிறாய்? வா, சாப்பிட வா."

நடையின் கடைசியில் ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து மெல்லிசாக ஒரு குரல் வந்தது. நான் கூப்பிடக் கூப்பிட அதுவும் பதில் சொன்னது. நாங்கள் மூவரும் ஓடிப்போய் அந்தக் கதவில் காதை வைத்தோம். முந்தின நாள் யாரோ சைக்கிளைக் கொண்டுபோய் வைக்கும்போது அதுவும் உள்ளே போயிருக்கிறது. அந்த வீட்டுக்காரர் கதவைப் பூட்டிவிட்டு வெளியூருக்குப் போய்விட்டார்களாம். கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற மனிதரிடம் அந்தப் பூட்டுக்கு இன்னொரு திறப்பு இருந்தது. அவர் மத்தியானத்துக்குப் பிறகுதான் வருவாராம்.

அந்த நேரம் முழுக்க அவளுடைய குசினியில் அடுப்போரமாக இருந்தோம். மகளுக்கு வெதுப்பகத்துப் பணிஸ் ஒன்று கொடுத்தாள். எனக்குக் கசப்பான கோப்பி. அவள் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னாள்: "உன் கணவர் அந்தப் பூனைக்கு உன்னுடைய கடிதங்களை வாசித்துக் காட்டுவார், தெரியுமா?"

எனக்குச் சரியாக விளங்கவில்லை என்று நினைத்து அவள் மறுபடியும் சொன்னாள். "பல்கனியில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். பூனை மடியில் இருக்கும். எனக்கு உங்கள் மொழி ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் என்றைக்குக் கடிதம் வந்தது என்று தெரிந்துவிடும். கடிதம் வராத கிழமைகளில் பல்கனியில் சத்தமே இருக்காது."

நான் கோப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன். பதுங்குகுழிக்குள் குப்பிவிளக்கில் எழுதிய கடிதங்கள் அவை. இந்த ஊரில் அவற்றைக் கேட்க அவருக்கு இருந்த ஒரே காது அது.

அந்த மனிதர் வந்து கதவைத் திறந்தார். பூனை உடம்பெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்தது. வெதுப்பகத்துக்காரி கைநீட்டியும் அவளிடம் போகவில்லை. நேரே என் மகளிடம் போய் அவளுடைய சப்பாத்தில் முகத்தை உரசியது. நான் அதைத் தூக்கினேன். அவ்வளவு பாரமாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அவர் வேலையால் வந்தபோது மகள் கதவடிக்கு ஓடினாள். "அப்பா, பிள்ளை வந்திட்டுது! அம்மா கூப்பிடத்தான் வந்தது!" என்று கத்தினாள். அந்த மாமா அப்பாவாகிவிட்டது அவளுக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. சப்பாத்தோடேயே உள்ளே வந்துவிட்டார்.

சாப்பிட்ட பிறகு நான் உண்மையைச் சொன்னேன். "அது போகேக்கை நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். மறிக்கேல்லை."

"தெரியும்" என்றார்.

"எப்பிடி?"

"கதவு சாத்தியிருந்ததே. உமக்குத் தெரியாமப் போயிருந்தால் நீர் கதவைத் திறந்து வைச்செல்லோ அதைப் பாத்துக்கொண்டு இருப்பீர்."

எனக்கு அழுகை வந்தது. "நாலு வருசம். இப்பிடியொண்டு இருக்கெண்டு ஏன் ஒரு வரி எழுதேல்லை?"

அவர் பூனையின் காதிலிருந்த ஒட்டடையை எடுத்துக்கொண்டே சொன்னார். "அங்கை செல்குண்டு விழேக்கை பிள்ளையோடை பங்கருக்குள்ளை இருக்கிற உமக்கு, நான் இஞ்சை பூனைக்கு மீன் வாங்கிறன் எண்டு எப்பிடி எழுதிறது? பேனையை எடுப்பன். வெக்கமாயிருக்கும்."

சைக்கிள் கொட்டகையில் மழையில் நனைந்து கிடந்த குட்டியை எடுத்து வந்த கதையை அப்போதுதான் சொன்னார். விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு இல்லை என்று மூன்றாவது தடவையாகக் கடிதம் வந்த அன்று அது. நானும் அவருக்கு எழுதாதவற்றைச் சொன்னேன். மகளுக்குக் காய்ச்சல் வந்து ஐந்து நாள் கண் திறக்காமல் கிடந்தது, வீட்டின் குசினிப் பக்கம் உடைந்து விழுந்தது, ஒருமுறை அவருக்கு எழுதிய கடிதத்தைக் கோபத்தில் அடுப்பில் போட்டது. அவர் பயப்படுவார் என்று நான் எழுதவில்லை. நான் வருந்துவேன் என்று அவர் எழுதவில்லை. எங்களுக்கு அதைப் பேசி முடிக்கப் பல மாலைகள் தேவைப்பட்டன. பூனை கட்டிலுக்குத் திரும்பி வந்தது. நான் என் காலைக் கொஞ்சம் மடக்கிப் படுக்கப் பழகினேன்.

அந்த விண்ணப்பங்கள் ஏன் கிடந்தன என்பது பின்னால் பெரிய வழக்காயிற்று. நீதி அமைச்சரே அவற்றை நிறுத்திவைக்கச் சொல்லியிருந்தாராம். செய்தியில் எங்களைப்போன்ற குடும்பங்களைப் பற்றிச் சொல்வார்கள். மகள் எங்களுக்கு டேனிஷிலிருந்து மொழிபெயர்ப்பாள். கடைசியில் அரசாங்கமே பதவி விலகிய அன்று, வெதுப்பகத்துக்காரி ஒரு கேக்கோடு மேலே வந்து, "எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்றாள். என் கணவர் அவளுக்கு முதலில் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். "எங்கடை பூனையைத் தேடித் தந்த ஆள் நீர். உமக்கென்ன வெக்கம்?" என்று தமிழில் சொல்லிவிட்டு, மகளைப் பார்த்து, "சொல்லிவிடு" என்றார். அவள் சொன்னதும் வெதுப்பகத்துக்காரி சிரித்துக்கொண்டே அழுதாள்.

அதற்குள் எங்கள் வீட்டில் இரண்டாவது பூனையும் வந்துவிட்டது. மகள் விடாமல் கேட்டதால், ஊருக்கு வெளியே இருந்த ஒரு பண்ணையில் நானே போய்த் தெரிவு செய்த மஞ்சள் குட்டி அது. பெரியது அதை ஒரு மாதம் சீறித் துரத்தியது. பிறகு நக்கிவிடத் தொடங்கியது.

நான் அப்போது மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்தக் கோடையில், எங்களுக்குப் பிறகு டென்மார்க்குக்கு வந்த என் கணவரின் தங்கைக்கு டோஸ்ட்ருப் என்ற ஊரில் கலியாணம். மூன்று நாள் போக வேண்டும். பூனைகளை வெதுப்பகத்துக்காரியிடம் விட்டோம். மகள் எழுதித் தருகிறேன் என்றாள், நான் விடவில்லை. மேசையில் உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்க டேனிஷில் நானே எழுதினேன். மஞ்சளுக்குப் பால் கொடுக்காதே, வயிறு கொள்ளாது. பெரியதுக்கு மீனை முள் எடுத்துக் கொடு. கதவைத் திறக்கும்போது காலடியைப் பார். ஒரு வரிக்கு அரைமணி நேரம் பிடித்தது.

கலியாணம் முடிந்து வந்து பார்த்தபோது அவள் அந்தத் தாளைத் தன் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தாள். இரண்டு இடத்தில் பென்சிலால் எழுத்துப் பிழை திருத்தியிருந்தாள். கீழே, "எல்லாம் விளங்கியது" என்று எழுதியிருந்தாள்.