பொங்கியண்ணன் வீட்டுக் கரண்ட் அடுப்பு

பொங்கியண்ணன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெக்கானிக். ஓவர்லாக் தையல் மிஷின் சூடாகி மக்கர் செய்தால், கூப்பிடு பொங்கியண்ணனை என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு ஆளும் பெருமையில் கொஞ்சம் உப்பித்தான் போயிருந்தார்.

சிலிண்டர் வர நாளாகிறதென்று 2009இல் ஒரு கரண்ட் அடுப்பு வாங்கினார். சமையல் மேடைக் கல்லில் கீறல் விழக்கூடாதாம். கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பனியன் துணியை நாலாய் மடித்து அடியில் விரித்தார். திருப்பூரில் எதற்கும் அந்தத் துணிதானே. கை துடைக்க, வண்டி துடைக்க, தலையணைக்குள் திணிக்க.

கொஞ்ச நாளில் அடுப்பு அடம்பிடிக்க ஆரம்பித்தது. சோறு பாதி வேகும்போதே சூடேறி, கீகீயென்று கத்திவிட்டு அணைந்துவிடும். காங்கேயத்திலிருந்து மாமனார் ஆத்தப்பன் வந்த அன்றும் அதே கதை. இலை போட்டு உட்கார வைத்தாயிற்று, சோறு வேகவில்லை. மானம் போகிறதே என்று பொங்கியண்ணன் மனைவி வேல்விழிமேல் பாய்ந்தார்.

"வெறுஞ்சட்டியை வெச்சு வெச்சுக் காயவுட்டே கெடுத்துப்போட்ட. ஒரு அடுப்பைப் பத்தவைக்கக்கூட உங்கூட்டுல சொல்லித் தரலையா?"

ஆத்தப்பன் சாப்பிடாமலே எழுந்து, "வர்றேனுங்க மாப்ளே" என்று கிளம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரனிடம் சண்டைக்குக் கிளம்புமுன் நாமே ஒரு கை பார்ப்போமென்று பொங்கியண்ணன் பிளக்கைப் பிடுங்கி, அடுப்பை ஆறவிட்டுத் தூக்கினார். துணியும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. கவிழ்த்துப் பார்த்தால், அடியில் ஃபேன் காற்று இழுக்கும் ஓட்டையெல்லாம் துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சு. காற்றுக்கு வழியில்லாமல் அடுப்பு வெந்துபோயிருக்கிறது. அட கெரகமே! தினமும் மிஷினுக்குள் ஏர் அடித்துப் பஞ்சை ஊதுகிற ஆள் செய்த வேலையா இது? பிரஷ்ஷால் பஞ்சைத் தட்டியெடுத்து, துணியில்லாமல் வைத்துத் தண்ணீர் கொதிக்கவிட்டார். கத்தாமல் கொதித்தது. வெட்கத்தில் அவருக்குக் காது மடல் சுட்டது.

அந்த நேரம் பார்த்து ஆத்தப்பன் போன் செய்தார்.

"மாப்ளே, வேற அடுப்பு ஒண்ணு பாத்து வெச்சிருக்கறனுங்க. அம்மிணி தெரியாம செஞ்சிருச்சு. மனசுல வெச்சுக்காதீங்க."

மகள் செய்யாத தப்புக்கு வயதான மனிதர் மன்னிப்புக் கேட்கிறார். பொங்கியண்ணன் கூனிக்குறுகிப் போனார்.

"மாமா, தப்பு அவ மேல இல்லீங்க. நாந்தான் அடியில துணியைப் போட்டு அடைச்சுப்போட்டனுங்க."

"செரீங்க மாப்ளே" என்று ஆத்தப்பன் போனை வைத்துவிட்டார்.

ஒருவழியாகச் சொல்லியாயிற்று என்று திரும்பினால், சமையலறை வாசலில் வேல்விழி நின்றிருந்தாள்.

"போன்ல சொல்லிப்போட்டீங்க. எங்கப்பா அன்னைக்குப் படியெறங்கறப்ப, 'உன்னைய ஒழுங்கா வளர்க்கலையோ கண்ணு'ன்னு அழுதுட்டே போனாருங்க."

பொங்கியண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். காங்கேயம் பஸ் ஏறும்வரை யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.