மூன்றாம் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு கோடு

கோமளத்துக்கு வெளியுலகம் என்று ஒன்று மிச்சம் இருந்ததென்றால், அது மூன்றாம் நம்பரில் இருந்தது.

மயிலாப்பூரில், புதிதாக எழும்பிய இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே நசுங்கிக் கிடந்த கீழ்ப்போர்ஷன் அவர்களுடையது. பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டும். கூடத்து மேஜையில் ஒரு ஹாம் ரேடியோ. அரசாங்க உரிமம் வாங்கியவர்கள் வீட்டிலிருந்தபடியே மைக்கில் பேசும் பெட்டி. அதில் இருபது நினைவுச் சேனல்கள். ஓர் அலைவரிசையை ஒரு தடவை பதிந்து வைத்துவிட்டால், அப்புறம் அந்த நம்பருக்குத் திருப்பினால் போதும். பதிந்ததெல்லாம் கணவர் கஸ்தூரிரங்கன். 1988-இல் கோமளத்தையும் பரீட்சை எழுத வைத்து உரிமம் வாங்கிக்கொடுத்தவரும் அவர்தான். ஆனால் பட்டன்களைத் தொட விட்டாரா? அந்தப் பேச்சே கிடையாது.

"மூணுல வெச்சா ஊர் பூரா பேசலாம். ஏழுல வெச்சா நான். மத்ததெல்லாம் உனக்கு எதுக்கு?" என்பார்.

ஏழாம் நம்பர் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும். ஆபீஸ் விட்டு ஸ்கூட்டரில் வரும்போது லஸ் கார்னரில் நிறுத்தி, கையடக்க செட்டில் கூப்பிட்டு, "கொத்தமல்லி இருக்கா ஆத்துல?" என்று கேட்பார். லஸ்ஸுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டால் இந்தக் குழிக்குள் ஒன்றும் கேட்காது.

1996 நவராத்திரி முடிந்த வாரம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின; பேச்சும் போயிற்று. "அவருக்குப் புரியுதா இல்லையான்னு உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். முதல் மாதம் கோமளம் அவரோடு பேசிப் பார்த்தாள். பதிலுக்கு ஒரு தலையசைப்புகூட இல்லாத இடத்தில் எத்தனை நாள் பேசுவது? மெல்ல நிறுத்திவிட்டாள். அப்புறம் அவருக்கு எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசினாள். புனேயில் இருக்கும் மகள் வர்ஷினியிடம் ஒருநாள் ஃபோனில், கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டே, "இப்படிக் கிடக்கறதுக்கு அவர் போய்ச் சேர்ந்தாலே தேவலைன்னு தோணறதுடீ" என்று சொன்னாள். சொன்னபோது அது பொய்யும் இல்லை.

அவருக்கு அடிக்கடி தொண்டையில் சளி அடைக்கும். கூப்பிடக் குரல் கிடையாது. அதனால் அரை மணி நேரம்கூட விட்டுவிட்டுப் போக முடியாது. மளிகை ஃபோனில் வந்தது, காய் வாசலில் வந்தது. எட்டு மாதமாக அவள் கேட்டைத் தாண்டவில்லை. ஜெயிலில்கூட முற்றத்தில் நடக்க விடுவார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் அவளுக்கு மூச்சு வரும். மூன்றாம் நம்பரில் தினமும் எல்லோரும் கூடுவார்கள். நடத்துகிறவர் தாம்பரத்திலிருந்து மெஹபூப் அலி, ரயில்வேயில் சிக்னல் வேலை. அம்பத்தூர், ஆவடி, பெரம்பூர் என்று ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். தன் முறை வரும்போது கோமளம் மழையைப் பற்றியோ மின்வெட்டைப் பற்றியோ இரண்டு நிமிஷம் பேசுவாள். அந்த இரண்டு நிமிஷத்தில் மறுநாள் ஓடிவிடும்.

ஜூன் மாதம் அதையும் அவளே கெடுத்துக்கொண்டாள். "மேடம், ஞாயித்துக்கெழம நாலு பேரு வர்றோம். உங்க ஆன்டெனாவ மேல ஏத்திக் குடுத்துட்டு, சாரையும் ஒரு தபா பாத்துட்டுப் போறோம்" என்றார் மெஹபூப் அலி. நல்ல மனுஷன், நல்ல மனசோடுதான் சொன்னார். கோமளத்துக்கு என்ன வந்ததோ, "அவரை வேடிக்கை பாக்க எங்காத்துக்கு யாரும் வரவேண்டாம்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அத்தனை பேரும் கேட்டார்கள். அவள் பெட்டியை அணைத்துவிட்டாள்.

பட்ட காலிலேயே படும் என்கிற மாதிரி மறுநாளே மின்சப்ளை பெட்டி புகைந்தது. சரிசெய்து வர மூன்று நாள். வந்ததும் மாட்டிப் பார்த்தால், இருபது சேனலும் காலி. மின்சாரம் இல்லாதபோது நினைவைக் காப்பாற்றுவதற்காக உள்ளே இருந்த பித்தான் அளவு பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது.

கோமளம் சும்மா விடவில்லை. கஸ்தூரிரங்கனின் டைரியிலிருந்து மூன்றாம் நம்பரின் அலைவரிசையைத் தேடி எடுத்தாள். பெட்டியோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துக் குமிழைத் திருப்பி, பட்டனை அழுத்திப் பிடித்தாள். 'பீப்' என்றது. பதிந்துவிட்டது! ஏழு மணிக்கு மெஹபூப் அலியின் குரல் கணீரென்று வந்தபோது அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"வேற யாருனா கீறீங்களா?" என்று கடைசியில் கேட்டார் அவர். கோமளம் தன் அழைப்புக் குறியைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"யாரும் இல்ல. சரி, முடிச்சிக்கலாம்."

அவளுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. அடுத்த நாளும் அதேதான். அதற்கடுத்த நாளும். எல்லோரும் சிரிப்பது கேட்கிறது, இருமுவதுகூடக் கேட்கிறது. அவள் பேசினால் மட்டும் ஊருக்கே காது அடைத்துவிடுகிறது. ஒதுக்கிவிட்டார்கள் என்று முடிவு செய்தாள். ஃபோனில் கேட்டிருக்கலாம். 'என்னை ஏன் சேர்த்துக்கொள்ளவில்லை' என்று எந்த முகத்தோடு கேட்பது? ஆனாலும் மானங்கெட்டு ஏழு மணிக்கு உட்கார்ந்தாள். மூன்று வாரம்.

போதாக்குறைக்குக் கட்டிலிலிருந்து ஒரு தொல்லை. அவள் மைக்கை எடுத்தாலே கஸ்தூரிரங்கன் இடது கை விரலால் விரிப்பில் குறுக்கே இழுப்பார். இழுத்த இடத்திலேயே மறுபடி இழுப்பார். சுருக்கம் குத்துகிறதோ என்று நீவிவிட்டாள். எறும்போ என்று உதறினாள். விரிப்பையே மாற்றினாள். "என்னதான் வேணும் உங்களுக்கு? என் பிராணனை வாங்கறேளே!" என்று ஒருநாள் கத்தியும் விட்டாள். விரல் நிற்கவில்லை.

ஜூலை முதல் வாரம், பெட்டியை யாருக்காவது கொடுத்துத் தலைமுழுகிவிடலாம் என்று விலாசம் தேட டைரியைத் திறந்தாள். சேனல் பட்டியல் இருந்த பக்கம் விரிந்தது. மூன்றாம் நம்பரின் அலைவரிசைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குறுக்குக் கோடு. பேனா இழுத்த வால் என்று அன்று அவள் கவனிக்காமல் விட்டது. இன்னும் நான்கு சேனல்களுக்கும் அதே கோடு. ஏழாம் நம்பருக்கு இல்லை.

நிமிர்ந்தாள். விரல் விரிப்பில் குறுக்கே போய்க்கொண்டிருந்தது.

"ஏன்னா... இந்தக் கோடா?"

விரல் நின்றது. அவர் கண்ணை மூடித் திறந்தார். கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

அது கழித்தல் குறி. மூன்றாம் நம்பரில் இருப்பது ரிப்பீட்டர். உயரமான கட்டடத்தின் மேல் உட்கார்ந்து, ஒருவர் பேச்சை வாங்கி ஊருக்கெல்லாம் திருப்பிச் சொல்லும் இயந்திரம். அதற்குக் காது ஓர் அலையில், வாய் வேறு அலையில். காது கொஞ்சம் கீழே இருக்கிறது என்பதைத்தான் அந்தக் கோடு பெட்டிக்குச் சொல்ல வேண்டும். கோடு இல்லாமல் பதிந்த கோமளம் மூன்று வாரமாக அதன் வாய்க்குள் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் பதியும்போதெல்லாம் இன்னொரு பட்டனையும் ஒரு தட்டுத் தட்டுவாரே! பக்கத்திலேயே நின்று பார்த்தும் ஏன் என்று ஒருநாளும் அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்தப் பட்டனைத் தேடி அழுத்தினாள். எண்ணுக்குப் பக்கத்தில் சின்னக் கோடு எரிந்தது. பதிந்தாள். ஏழு மணிக்குக் கூப்பிட்டு மைக்கை விட்டதும் ரிப்பீட்டர் 'கடக்' என்றது. மூன்று வாரமாக அந்தச் சத்தம் வராததைக்கூடக் கோபத்தில் அவள் கவனிக்கவில்லை.

"மேடம்! இன்னா மேடம், ஆளே காணோம்? கோவமா கீறீங்கன்னு நெனச்சிக்கினு ஃபோன்கூட பண்ணல. சார் எப்டி கீறாரு?"

எப்படி இருக்கிறார்? மூன்று வாரம் யாருக்கும் கேட்காமல் போனதற்கே அவள் வெந்து சாம்பலாகியிருந்தாள். அவருக்கு எட்டு மாதம். எல்லாம் கேட்டிருக்கிறது. டாக்டர் சொன்னது கேட்டிருக்கிறது. கால்மாட்டில் உட்கார்ந்து வர்ஷினியிடம் அவள் சொன்னதும்.

அன்று ராத்திரி அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கஞ்சி ஊட்டும்போது ஸ்பூனைப் பார்த்தே ஊட்டினாள். கேட்டுவிட வேண்டும், ஆனால் அந்தக் கண்களுக்கு எதிரே நின்று கேட்க முடியாது.

மறுநாள் பெட்டியிலும், அலமாரியில் கிடந்த கையடக்க செட்டிலும் ஏழாம் நம்பரைப் பதிந்தாள். "இதுக்குக் கோடு வேண்டாமே?" என்றாள். விரல் அசையவில்லை. பெட்டியின் மைக்கை அவர் இடது உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலைப் பட்டனில் பொருத்தினாள். "ஒரு தடவை அழுத்தினா ஆமாம். ரெண்டு தடவைன்னா இல்லை. விடாம தட்டிண்டே இருந்தேள்னா ஓடி வந்துடுவேன்."

கேட்டைத் திறந்தபோது கால் கூசியது. செட்டைக் காதருகே பிடித்தபடி நடந்து, லஸ் கார்னரில் பழக்கடை ஓரமாக நின்றாள். சாயங்காலக் கூட்டம். ஒரு பஸ் அவளை உரசுகிற மாதிரி திரும்பியது.

"ஏன்னா, கேக்கறதா?"

அங்கே பட்டன் அழுந்த, செட்டின் இரைச்சல் ஒரு கணம் அடங்கி மறுபடி வந்தது. ஆமாம். எட்டு மாதம் கழித்து ஏழாம் நம்பரில் அவர் சொன்ன முதல் பதில்.

"அன்னிக்கு வர்ஷினிகிட்ட ஃபோன்ல நான் சொன்னேனே... அது உங்களுக்குக் கேட்டுதா?"

இரைச்சல் மட்டும் வந்தது. வெகுநேரம் வந்தது. பிறகு ஒரு தடவை அடங்கியது.

கோமளம் பட்டனில் விரலை வைத்தாள். மன்னிப்பு, பகவான், புத்தி கெட்டுப்போச்சு என்று என்னென்னவோ வாயில் திரண்டது. அதற்குள் இரைச்சல் மறுபடி நின்றது. நின்றது நின்றதுதான். அவர் அழுத்திய விரலை எடுக்கவில்லை.

ஒருவர் அழுத்தியிருக்கும்போது இன்னொருவர் பேசினால் கேட்காது. கேட்கத்தான் வேண்டும். கூடத்து மின்விசிறி கிறீச்சிடுவது கேட்டது. மாடி வீட்டுக் குக்கரின் விசில் கேட்டது. நடுவில், ஏறி இறங்கி, அவருடைய மூச்சு. எட்டு மாதத்தில் முதல் முறையாக வீட்டை விட்டு வந்தவள், லஸ் கார்னரிலும் அந்தக் கூடத்துக்குள்ளேயே நின்றாள்.

அவர் விடுகிறவரை கேட்டுக்கொண்டு நின்றாள்.