ஜெசிந்தா அக்கா விளையாடவில்லை

எங்கள் முதலாளி ஒரு சாவை மறைத்து, செத்தவரின் நாற்காலியிலேயே என்னை உட்காரவைத்து வேலை வாங்கினார்.

வைகுண்ட ஏகாதசி அன்று மதியம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு லீவு. பாஸிடமிருந்து போன் வந்தது. "ஜெசிந்தாவுக்கு உடம்பு சரியில்லப்பா, போயிட்டாங்க. நீ வந்து உட்காரு. அமெரிக்காக்காரன் தூக்கம் வராம எந்திரிச்சுப் பாத்திருக்கான். அவன் ஆளுங்க எல்லாம் சும்மா நிக்குதுன்னு கத்துறான்."

மாம்பழச் சாலையில் பஸ்ஸைத் திருப்பிவிட்டிருந்தார்கள். காவிரிப் பாலத்தை நடந்தே கடந்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ பிடித்துத் தில்லை நகருக்குப் போனேன். எங்கள் அலுவலகம் ஒரு ஸ்கேன் சென்டருக்கு மேல்மாடி. அன்று யாரும் இல்லை. கம்ப்யூட்டர் அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். மேசைக்கு அடியில் அவருடைய செருப்பு கிடந்தது. உட்கார்ந்தவுடன் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கிக்கொள்வது அவர் வழக்கம். உடம்பு முடியாமல் கிளம்பிய அவசரத்தில் மறந்துவிட்டார்போல என்று நினைத்து, காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

சாயங்காலம் இறங்கி வந்தபோது ஸ்கேன் சென்டர் செக்யூரிட்டி முத்துசாமி அண்ணன் என் கையைப் பிடித்தார்.

"பாடிய வீட்டுக்குக் கொண்டு போயிட்டாங்களா தம்பி?"

"யார் பாடி?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார்.

அன்று காலை அக்கா வெறுங்காலோடு கீழே இறங்கி வந்து அவரிடம் தலைவலி மாத்திரை கேட்டிருக்கிறார். "வீட்டுக்குப் போயிரும்மா" என்று அவர் சொன்னதற்கு, "பாஸ்கிட்ட போன்ல கேட்டேன் அண்ணே, ஆள் இல்லங்கிறாரு. இன்னும் கொஞ்ச நேரம் இருன்னாரு" என்று சொல்லிவிட்டு மேலே ஏறியிருக்கிறார். அடுத்த முறை இறங்கும்போது படியிலேயே விழுந்துவிட்டார். முத்துசாமி அண்ணன்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார், பாஸுக்கும் சொன்னார். தடுக்கி விழுந்தால் ஒரு டாக்டர் வீட்டு வாசலில் விழக்கூடிய தெரு அது. போய்ச் சேரும்போதே உயிர் இல்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். காலையிலேயே விட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. டாக்டரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பாஸ் எனக்குப் போன் செய்தது அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து. முத்துசாமி அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அக்கா என்ன வேலை பார்த்தார் என்றே தெரியாது. சொல்கிறேன். வெளிநாட்டில் வசதியானவர்கள் இணையத்தில் ஒரு மாயாஜாலக் கேம் ஆடுகிறார்கள். அதில் ஆடுபவன் ஒரு வீரன். அவன் ஊர் ஊராகப் போய் வில்லாளி, வைத்தியக்காரி, கொல்லன், திருடன் என்று தோழர்களைச் சேர்த்துக்கொள்வான். மூலிகை பறிக்க, வண்டிக்குக் காவல் போக, கோட்டையை வேவு பார்க்க என்று அவர்களை மிஷனுக்கு அனுப்ப வேண்டும். எந்த வேலைக்கு யார் சரி, யாரோடு யார் ஒத்துப்போவார் என்று பார்த்து அனுப்பினால் பொருளோடு திரும்புவார்கள். தப்பாக அனுப்பினால் அடிபட்டுத் திரும்புவார்கள். திரும்பியவர்களை உடனே மறுபடி அனுப்பாவிட்டால் ஆடுபவனுக்கு நஷ்டம். ஆனால் அவன் தூங்க வேண்டுமே. அவன் தூங்கும் இரவு நமக்குப் பகல். அந்தப் பகலில் அவன் கணக்கைத் திறந்து, அவன் தோழர்களை மேய்ப்பது எங்கள் பிழைப்பு. அடுத்தவர் கணக்கை ஆடுவது அந்தக் கேமின் விதிக்கே விரோதம். அதனால் எங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கிடையாது, அடையாள அட்டை கிடையாது, வாசலில் போர்டுகூடக் கிடையாது.

இந்த வேலையில் அக்காவைப்போல் ஒருவரை நான் பார்த்ததில்லை. எங்களுக்கு அவை திரையில் நகரும் படங்கள். அவருக்கு ஆட்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் வைத்திருந்தார். கொல்லன் 'மேஸ்திரி'. வைத்தியக்காரி 'நர்ஸம்மா'. பச்சைத்தோல் அரக்கன் ஒருவனுக்குக் 'கண்டக்டர்'. ஏன் என்று கேட்டேன். "எதக் கேட்டாலும் ஒரு திட்டு திட்டிட்டுத்தானே தர்றான். சில்லறையும் தர மாட்டேங்குறான்" என்றார். மேஸ்திரி என்ற பெயரைக் கணக்கிலேயே மாற்றி எழுதிவிட்டார். அமெரிக்காக்காரன் அதற்கு அர்த்தம் கேட்டு எழுதினான். 'மாபெரும் போர்வீரன்' என்று பதில் போட்டார். அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இன்றும் அவன் படையில் மேஸ்திரி இருக்கிறார்.

எங்களோடு வரதன் என்று ஒருவன் இருந்தான். ஸ்ரீரங்கம் கோயிலை ஒட்டிய உத்தர வீதிக்காரன். திருடனை மிஷனுக்கு அனுப்பும்போதெல்லாம் அவனுக்கு முகம் சுருங்கும். "களவாடறதுக்கு நாமளே அனுப்பறோமேக்கா, அபசாரமோல்லியோ?" என்றான் ஒருநாள். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "வெண்ணெய் திருடினவர நீங்க கோயில் கட்டிக் கும்பிடுறீங்க. எங்காளு ஒரு கிரீடம் திருடக் கூடாதா சாமி?" வரதன் சிரித்துச் சிரித்துப் புரையேறி, பெருமாளிடம் அவனே மன்னிப்பும் கேட்டுக்கொண்டான்.

அடிபட்ட தோழரின் படத்தின் மேல் சிவப்பாக ஒரு கட்டு விழும். அது மறையும்வரை ஓய்வு. காசு கொடுத்து வாங்கிய மாயக்கல் ஒன்றைச் செலவழித்தால் உடனே எழுந்து நிற்பார்கள். அக்கா அதைத் தொடவே மாட்டார். ஒருமுறை அமெரிக்காக்காரன் நர்ஸம்மாவைக் கல் போட்டு எழுப்பி அனுப்பச் சொன்னான். அக்கா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், 'அவள் களைத்திருக்கிறாள், நாளைக்கு' என்று எழுதினார். அதுவும் கேமின் ஒரு விதி என்று நினைத்து அவன் ஒத்துக்கொண்டான். பாஸுக்குத் தெரிந்ததும் கத்தினார். "பொம்மைக்கு என்னம்மா டயர்டு?"

"பொம்மைக்காவது லீவு எழுதி வச்சிருக்கான் பாஸ்" என்றார் அக்கா.

கிறிஸ்துமஸுக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. கேமில் அப்போது குளிர்காலத் திருவிழா, எல்லா மிஷனுக்கும் இரட்டைப் பரிசு. பண்டிகையன்று காலைப் பூசை முடிந்து, புதுப்புடவையோடு வந்து உட்கார்ந்து, பனியில் தோழர்களை அனுப்பிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர்தான் ஏகாதசிக்கு எனக்கும் வரதனுக்கும் லீவு வாங்கித் தந்தார். "போய் உங்க பெருமாள நல்லா பாத்துட்டு வாங்க. இங்க நான் பாத்துக்குறேன்." அவர் எங்களிடம் கடைசியாகச் சொன்னது அது.

மறுநாள் மேசைக்கடியில் கிடந்த அக்காவின் செருப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பொன்மலையில் அவர் வீட்டுக்குப் போனேன். அக்காவின் அப்பா சூசை ஐயா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பந்தலில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கேம் ஆடி ஆடியே செத்துப்போச்சாம்யா."

"இந்த வயசுல என்ன கேமு? மூளை சூடாகி வெடிச்சிருக்கு."

குரலைத் தாழ்த்தவில்லை. ஐயா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பையை வாங்கி உள்ளே பார்த்தார். மூடினார். என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"தம்பி, நேராச் சொல்லுங்க. எம் பொண்ணு அங்க வேலை பாத்துச்சா, விளையாண்டுச்சா?"

"வேலைதான் ஐயா."

"அப்புறம் ஏன் உங்க மொதலாளி ஆஸ்பத்திரியில போலீஸ்காரர்கிட்ட, 'பொழுதுபோக்கா வந்து கேம் ஆடிட்டுப் போவாங்க'ன்னு சொல்லிருக்காரு?"

அவரே பேசினார். "பட்டறையில ஒருத்தனுக்கு விரல் நசுங்குனாக்கூட, அவன் எந்த மிஷின்ல நின்னான்னு ஃபோர்மேன் சொல்லியாகணும். எம் பொண்ணு எங்க நின்னுச்சுன்னு சொல்ல ஒரு ஆள் இல்லியே தம்பி. ஊருல கேம் ஆடி செத்தவன்னு பேராயிருச்சே."

அது வேலைதான் என்று நான் சொன்னேன். பந்தலில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "நீங்களும் அங்க ஆடுறவருதானப்பா?" என்று ஒருவர் கேட்டார். அதற்குமேல் அங்கே என் பேச்சு எடுபடவில்லை. முதலாளி சொன்னதுதான் போலீஸில் இருக்கிறது. முதலாளி சொன்னதுதான் ஊரிலும் நிற்கிறது.

வரதனைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் போனேன். "ஏன் பாஸ் மறைச்சீங்க?" என்று கேட்டேன்.

"எங்கப்பா மறைச்சேன்? போயிட்டாங்கன்னு உங்கிட்ட சொன்னேனா இல்லையா?"

கொஞ்ச நேரம் எனக்கு விளங்கவே இல்லை. பிறகுதான் விளங்கியது. ஆமாம், சொன்னார். கடைக்குப் போனாலும் உயிர் போனாலும் நமக்கு ஒரே சொல்தான். அந்தச் சொல்லை எடுத்துவந்து அவர் சாட்சிக்கு நிறுத்துகிறார். அவர் முகத்தில் வெட்கம் துளியும் இல்லை, அதுதான் இன்னும் என்னை உலுக்குகிறது. வரதன் டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். அடுத்து நானும்.

அங்கே இப்போது புது ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் செல்போன் கடை ஒன்றில் நிற்கிறேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் அவர் எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்ப்பார். "யாருக்கு என்ன முடியல, இப்பவே சொல்லிருங்க. அப்புறம் படுத்துக்கிட்டா எனக்குப் பிடிக்காது." அதட்டலாகத்தான் கேட்பார். இப்போது கடை திறக்கும்போது உடன் நிற்பவர்களிடம் அதே அதட்டலோடு நான் கேட்கிறேன். அவரிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டதில்லை.

ஏழாம் நாள் பாஸ் மாலையோடு பொன்மலைக்கு வந்தார். மாலையைப் போட்டார், கண்ணை மூடி நின்றார், செருப்பை மாட்டிக்கொண்டார். ஐயா வாசல்வரை வந்து அவர் முகத்தையே பார்த்தபடி நின்றார். நான் குறுக்கே போய், ஐயாவிடம் உண்மையைச் சொல்லும்படி கேட்டேன். பாஸ் போனைக் காதில் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். பிறகு மெசேஜில் கேட்டேன். படித்ததற்கான நீலக் குறி விழுந்தது, பதில் விழவில்லை. உங்கள் பெயரை எழுதினால் இதை அச்சிட மாட்டார்கள் பாஸ், அதனால் எழுதவில்லை. இது யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பந்தலில் இருந்தவர்களையும் வரச் சொல்கிறேன், நீங்களும் வாருங்கள். சூசை ஐயாவின் எதிரில் நின்று சொல்லுங்கள்: "உங்க பொண்ணு எங்கிட்ட வேலை பாத்தாங்க. வேலை பாக்கும்போதுதான் செத்தாங்க."