குலசையில் ஏழு முகமூடிகள்

ஏரல் பஜாரில் எனக்கு மூன்று பாத்திரக்கடை. மூன்றும் நானே எழுப்பியவை. படிப்பு ஐந்தாம் வகுப்புதான். அதிலும் எனக்கு எழுத்துக் கூட்டச் சொல்லித் தந்தது வாத்தியார் இல்லை, சாம்பல் முகமூடி. அந்தச் சித்திரக்கதைப் புத்தகம் அத்தனையும் எனக்கு மனப்பாடம். இந்த வட்டாரத்தில் அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

போன வாரம் பேரன் செல்போனில் ஒரு விளம்பரம் காட்டினான். என்றைக்கோ நின்றுபோன சாம்பல் முகமூடியை ஒரு பதிப்பகத்தார் மறுபடி கொண்டுவருகிறார்களாம். அட்டையில் அவன் தன் தாய்க்கு முன்னால் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். "ஆர்டர் போடட்டுமா தாத்தா?" என்றான் பேரன். நான் செல்போனை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஒன்பது வயதில் விஷக்காய்ச்சல் வந்து பிழைத்தவன் நான். பிழைத்தால் குலசேகரன்பட்டினம் தசராவில் வேஷம் கட்ட வைக்கிறேன் என்று அம்மா முத்தாரம்மனுக்கு நேர்ந்திருந்தாள். அவள் நினைத்தது குரங்கு வேஷம். நான் சாம்பல் முகமூடிதான் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

"சாமிக்கு இப்படி ஒரு வேஷம் உண்டாலே?" என்றாள் அம்மா.

தையல்காரரான மாமா சிரித்தார். "போலீஸ் வேஷம் கட்டுதான், பிச்சைக்கார வேஷம் கட்டுதான். இவன் இதக் கட்டுனா அம்மன் வேண்டாம்னா சொல்லப்போறா?"

வெட்டி மிஞ்சிய பேன்ட் துணியில் கழுத்துவரை மூடும் முகமூடியும் கணுக்கால்வரை அங்கியும் தைத்தார். அதைப் பார்த்துவிட்டுக் கேட்ட தெருப்பிள்ளைகளுக்கும் தைத்துக் கொடுத்திருந்தது எனக்குத் தெரியாது.

பத்தாம் நாள் மத்தியானம். கடற்கரைக் கூட்டத்தில் அம்மாவின் கை நழுவியது. திரும்பிய பக்கமெல்லாம் காளி வேஷம். சிவந்த நாக்கு, பெரிய கிரீடம், காதை அடைக்கும் மேளம். தூரத்தில் ஆறு சாம்பல் முகமூடிகள் தெரிந்தன. ஓடிப்போய் அவர்களோடு ஒட்டிக்கொண்டேன்.

அம்மா தலைவிரி கோலமாக வந்தாள். முதல் பையனின் முகமூடியைப் பிடுங்கினாள். நானில்லை. அவன் வீரிட்டு அழுதான். அடுத்த ஐந்து பேரும் நானில்லை. ஏழாவது நான். என்னிடம் வந்ததும் பிடுங்கத் தயங்கிக் குனிந்தாள்.

"ஏலே, நீ எம் புள்ளதானே?"

நாலாம் புத்தகத்தில் சாம்பல் முகமூடியைப் பெற்ற தாயே நடுத்தெருவில் நிறுத்தி இப்படித்தான் கேட்பாள். அவன் இல்லையென்று தலையாட்டிவிட்டுப் போவான். முகத்தை யார் பார்த்தாலும் சக்தி போய்விடும், அதுதான் சட்டம். இத்தனை காளிக்கு நடுவில் சக்தியும் போனால் நான் என்ன ஆவேன்? முகமூடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நானும் இல்லையென்று தலையாட்டினேன்.

"மன்னிச்சிருய்யா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, என் பெயரைக் கூவிக்கொண்டே அவள் கடலைப் பார்த்து ஓடினாள்.

அப்போதுதான் எனக்கு உயிர் போயிற்று. கத்தினேன், மேளத்தில் கேட்கவில்லை. முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றவளின் சேலையைப் பிடித்தபோது அலை என் கழுத்தை அடித்தது. அவள் என்னைத் தூக்கிக்கொண்டு கரையேறினாள். அடிக்கவில்லை. என் முகத்தை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, நெற்றி, மூக்கு, தாடை என்று கண் தெரியாதவள் மாதிரி தடவினாள்.

"பயந்துட்டியாய்யா?"

"நான் ஒண்ணும் பயப்படல" என்றேன்.

பதிப்பகத்தார் நன்றாக வரைவார்களா என்பதில்லை என் சந்தேகம். தாய்க்கு முன்னால் கழற்றியும் அவன் சக்தி போகவில்லை என்று எழுதிவிட்டால், அன்றைக்கு நான் அம்மாவிடம் இல்லையென்று தலையாட்டியதற்கு என்ன அர்த்தம்? பேரனிடம் இன்னும் ஆர்டர் போடச் சொல்லவில்லை.

அந்தத் தசராவுக்குப் பிறகு நான் வெளியே போய்விட்டு எப்போது வந்தாலும் அம்மா என் முகத்தைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் சோறு போடுவாள். காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்க்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.