கேப்டனுடைய ஒரு மணி நேரம்

அந்தக் கால்பந்துக் கிளப்பில் ஆட்டக்காரர்களுக்கு உடம்பு பிடித்துவிடுபவரைக் கைராசிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தொட்டால் சுளுக்கு விட்டுப்போகும் என்று பேச்சு. அவருக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. யாரோ ஒருவர் தொடுகிறார் என்பதிலேயே பாதி வலி போய்விடுகிறது என்பது அவர் எண்ணம்.

கிளப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. பேர்பெற்ற ஆட்டக்காரர்களைக் கால் தளர்ந்துவரும் வயதில் வளைத்துப்போட்டு, கொழுத்த சம்பளத்தில் நீண்ட ஒப்பந்தம் போடுவார்கள். முகத்தைப் பார்க்கவே கூட்டம் வரும். கால் ஓடுகிறதா என்பது பிறகு. ஒப்பந்தமானவருக்கு மசாஜ் மேசையில் தினமும் ஒரு மணி நேரம் சொந்தம். ஒப்பந்தம் முடியும்வரை அந்த நேரத்தில் வேறு யாரும் அதில் படுக்கக் கூடாது.

பழைய கேப்டன் ஒப்பந்தத்தின் நடுவிலேயே செத்துப்போனார். மானேஜர் வழக்கத்தை மாற்றவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய ஒரு மணி நேரம் கேப்டனுடையதாகவே இருந்தது. கைராசிக்காரர் துண்டை விரித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். ஒருநாள் பழக்கதோஷத்தில் உள்ளங்கையில் எண்ணெய் தேய்த்து மேசையில் கை வைத்துவிட்டார். துண்டு கதகதப்பாக இருந்தது. கையைக் கீழே நகர்த்தினார். கெண்டைக்கால் இருக்கவேண்டிய இடத்தில், கேப்டனுக்கு இருந்த அதே முடிச்சு விரலில் தட்டுப்பட்டது. கண்ணுக்கு வெறும் துண்டுதான்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. பாதியில் விட்டுவிடவும் மனம் வராமல் தினமும் பிடித்துவிட்டார். உயிரோடு இருப்பவரின் முடிச்சு என்றால் என்றைக்காவது இளகும். இது இளகவே இல்லை.

இந்த நிலையில்தான் அவருடைய தங்கை புருஷனுக்குக் கிளப்பிலிருந்து நீண்ட ஒப்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஒரு காலத்தில் மைதானத்தையே கலக்கியவர். இப்போது கைப்பிடியைப் பிடிக்காமல் படியேற மாட்டார். தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்ததைப் பார்த்ததும், எங்களுக்கு ஒரு நல்லது நடந்தால் உனக்கு ஏன் வயிறு எரிகிறது என்று கேட்டேவிட்டாள்.

“கையெழுத்துப் போடாதீங்க மாப்பிள்ளை.”

“ஏன் மச்சான், கால் போயிடும்னு பயமா?”

“போனா பரவாயில்ல. போகாம அங்கேயே இருந்துட்டா?”

மாப்பிள்ளை சிரித்தார். இது வாயால் சொல்லிப் புரியவைக்கிற காரியம் இல்லை என்று, மறுநாள் கேப்டனுடைய நேரத்தில் கைராசிக்காரர் அவரை மசாஜ் அறைக்கு அழைத்துப்போனார். துண்டின்மேல் கை வைத்துப் பார்க்கச் சொன்னார். மாப்பிள்ளைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. ஒரு துண்டுக்கா இத்தனை பில்டப் என்று கேலி செய்தபடி, இவர் தடுப்பதற்குள் ஏறிக் குப்புறப் படுத்துவிட்டார்.

மேசை அகலமானது. அவரோ விழுந்துவிடுகிற மாதிரி ஓரத்தில் கிடந்தார்.

“நடுவுல படுங்களேன்.”

“அவருக்கு இடம் வேணாமா?” என்றார் மாப்பிள்ளை, கண்ணை மூடியபடி.

கைராசிக்காரர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சுவர்வரை பின்வாங்கினார். மேசையில் மாப்பிள்ளையின் கெண்டைக்கால் சதை மெல்ல அமுங்கியது. எழுந்தது. மறுபடி அமுங்கியது.

நேரம் முடிந்ததும் மாப்பிள்ளை தானாகவே எழுந்தார். முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார். முகத்தில் பயத்தின் சாயலே இல்லை. அதுதான் கைராசிக்காரரை உலுக்கியது. கைப்பிடியைத் தொடாமல் படியேறி மானேஜர் அறைக்குப் போனவர், திரும்பி வந்து அவர் தோளில் தட்டினார்.

“போட்டுட்டேன் மச்சான். கால் இவ்வளவு சொகமா இருந்து எத்தனையோ வருஷமாச்சு. ஒரே ஒரு கண்டிஷன் போட்டேன். முடியுற வரைக்கும் என் காலை நீங்க மட்டும்தான் பிடிக்கணும்னு.”

“எனக்கே வயசாச்சு மாப்பிள்ளை. நடுவுல நான் போய்ச் சேர்ந்துட்டா?”

“அதையும் மானேஜர்கிட்ட கேட்டேன். அதனால ஒண்ணும் இல்லைன்னுட்டார்.”