எட்டாம் நம்பருக்குப் போட்ட துண்டு

விழுப்புரத்திலிருந்து காலையில் புறப்படும் பாசஞ்சரில் பதினோரு வருடமாகத் திண்டிவனத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன். இத்தனை வருடத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட ஒரே வித்தை துண்டு போடுவது. வண்டி பிளாட்பாரத்தில் நிற்கும்போதே ஏறி, ஜன்னலோரம் நான் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் என் ஈரிழைத் துண்டை விரித்துவிடுவேன். எங்கள் வண்டியில் இதற்கு எழுதாத சட்டம் உண்டு. கைக்குட்டை கிடந்தால் தள்ளிவிட்டு உட்காரலாம், யாரும் கேட்க முடியாது. பேப்பர் கிடந்தால் கேட்டுவிட்டு உட்கார வேண்டும். துண்டு கிடந்தால் ஆள் வருகிறார் என்று பொருள், வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்த ஆள் ஏற வேண்டிய ஸ்டேஷன் தாண்டிவிட்டால் துண்டுக்கு மரியாதை போய்விடும், எடுத்துவிட வேண்டும்.

என் துண்டு ரயில் சிநேகிதர் பாய்க்கானது. அவர் மூன்றாவது ஸ்டேஷனான விக்கிரவாண்டியில் ஏறுவார். சொந்த ஊர் கோட்டக்குப்பம். இருபது வருடம் வளைகுடா நாட்டில் இருந்துவிட்டு வந்து, மனைவியின் ஊரில் வீடு கட்டிக்கொண்டு, திண்டிவனத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை மண்டியில் எடை போடுகிற என்னை, வெள்ளைச் சட்டை போடுகிறேன் என்ற ஒரே காரணத்துக்காக, சார் என்று கூப்பிடுவார். எத்தனையோ தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கேட்டால்தானே?

எனக்குக் கால்பந்துப் பைத்தியத்தை ஒட்டவைத்தது அவர்தான். வளைகுடாவில் எட்டுப் பேர் தங்கிய அறையில், மலையாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்துப் பழகியவர். "அந்த ரூம்ல ஒன்னு ஃபுட்பால் பாக்கணும், இல்லன்னா தூங்கணும். தூங்கவும் வுட மாட்டானுங்க சார்" என்பார். எங்களுக்கு எதிர் சீட்டில் உட்காரும் டீச்சருக்கும் அந்தப் பைத்தியம் ஒட்டிக்கொண்டது. அவர் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவர். வீட்டில் கணவரும் இரண்டு பையன்களும் கிரிக்கெட் வெறியர்கள். அந்த மூன்று பேரையும் கடுப்பேற்றவே கால்பந்துக்கு வந்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

நாங்கள் பார்ப்பது நம் நாட்டு லீக்தான். மாலையில் ஆட்டம், மறுநாள் காலையில் ரயிலில் வழக்கு. ஆட்டக்காரர்களின் பெயர்களை ஆளுக்கொரு விதமாக உச்சரித்து, அதற்கே தனிச் சண்டை வந்துகொண்டிருந்தது. அதனால் எல்லாரையும் சட்டை நம்பரை வைத்தே சொல்வது என்று டீச்சர் தீர்ப்பு கொடுத்தார். சீசன் முடியும்போது லீக்காரர்கள் மிகவும் மதிப்புமிக்க ஆட்டக்காரர் என்று ஒருவருக்கு விருது கொடுப்பார்கள். எங்கள் மூன்று பேருக்குள் அதே விருதுக்குத் தனியாக ஓட்டு நடக்கும். சீசன் முடிந்த வாரத்தின் சனிக்கிழமை காலை, மயிலம் தாண்டியதும், துண்டுச்சீட்டில் நம்பர் எழுதி டீச்சரின் டிபன் பாக்ஸ் மூடியில் போட வேண்டும். நேரில் வந்தால்தான் ஓட்டு. தோற்றவர்கள் திங்கட்கிழமை வேகவைத்த மல்லாட்டை கொண்டுவர வேண்டும். யார் தோற்றாலும் மல்லாட்டை என் மண்டியிலிருந்துதான் போகும் என்பது வேறு விஷயம்.

போன சீசன் தொடங்கிய கொஞ்ச நாளில் பாய் வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். உள்ளே பிளேட்டு வைத்துத் தைத்தார்கள். நாலு மாதம் படுக்கை. நானும் டீச்சரும் இரண்டு தடவை போய்ப் பார்த்தோம். தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, நெஞ்சின் மேல் போனை நிறுத்தி, ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் விழுந்த மறுநாள் காலை, வழக்கம்போல வண்டியில் ஏறித் துண்டைப் போட்டுவிட்டேன். முண்டியம்பாக்கம் தாண்டிய பிறகுதான், அடடா, பாய் ஆஸ்பத்திரியில் இருக்கிறாரே என்று உறைத்தது. அதற்கு மறுநாள் எனக்கு நன்றாகத் தெரியும், இருந்தும் போட்டேன். அதற்கு மறுநாளும் போட்டேன். விக்கிரவாண்டி வரைக்கும் துண்டு கிடக்கும். வண்டி நகர்ந்ததும் எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொள்வேன், நிற்கிறவர்களில் யாராவது உட்காருவார்கள். நாலு மாதமும் இதே கதை. ஒரு நாள்கூட விடவில்லை என்று சொன்னால் பொய், நான் லீவு போட்ட நாட்களில் போடவில்லை. டீச்சர் ஒரே ஒரு தடவை, "இன்னைக்கும் போட்டாச்சா?" என்றார். "கை பழக்கம் டீச்சர்" என்றேன். அதை நானே நம்பினேன் என்பதுதான் வேடிக்கை.

கைத்தடியோடு பாய் திரும்பி வந்த அன்று இடம் தயாராக இருந்தது. "அட, நான் வர்றது தெரிஞ்சி போட்டு வெச்சிருக்கீங்களே" என்று சந்தோஷமாக உட்கார்ந்தார். இல்லை பாய், தினமும் போட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆம்பளைக்கு ஆம்பளை இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதா என்று ஒரு கூச்சம்.

மறுநாள் பட்டறையைப் பற்றிச் சொன்னார். "நான் இல்லன்னா பட்டறையே நின்னுடும்னு நெனச்சிக்கினு படுத்திருந்தேன் சார். போய்ப் பாத்தா ஒன்னும் ஆவல. புதுசா ஒருத்தர் வந்திருக்காரு, என் மேஜயில உக்காந்து ஜல்தி ஜல்தியா கட்டிக்கினு இருக்காரு. ஓனரு நல்லவருதான், போவச் சொல்லல. வாசப்பக்கம் ஒரு ஸ்டூல் போட்டுக் குடுத்திருக்காரு." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"நல்லதாப் போச்சு பாய். வாசப்பக்கம்னா காத்து வரும்" என்றேன்.

இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே இரண்டு போடலாம் போலிருக்கிறது. ஆனால் அது ஒன்றுமே இல்லை. அதற்கு மறுநாள் செய்ததுதான் பெரிய கோளாறு.

அந்த வாரம் சீசன் முடிந்திருந்தது, சனிக்கிழமை ஓட்டு. டீச்சர் கோல் மேல் கோலாகப் போட்ட ஒன்பதாம் நம்பர் பக்கம். நான் கோல் கீப்பர், ஒன்றாம் நம்பர் பக்கம். அவன் ஒரு ஆட்டம்கூட விடவில்லை. காய்ச்சலோடு வந்தான், கைவிரலில் கட்டோடு வந்தான். பாய் எட்டாம் நம்பருக்காக வாதாடினார். நடுவில் நின்று ஆட்டத்தையே ஓட்டியவன் அவன், ஆனால் பாதி சீசனில் முழங்கால் போய், மிச்ச ஆட்டமெல்லாம் வெளியே உட்கார்ந்திருந்தான். அவன் போனதும் அவனுடைய அணி தொடர்ந்து தோற்றது. அதைத்தான் பாய் பிடித்துக்கொண்டார்.

"அவன் இருந்தப்ப எப்டி ஆடினாங்க, இல்லாதப்ப எப்டி ஆடினாங்க, ரெண்டையும் வெச்சிப் பாருங்க சார். அவன் மதிப்பு அதுலயே தெரிஞ்சி போச்சி."

டீச்சரும் கொஞ்சம் அசைந்தார். "அதுவும் சரிதான். சிறந்த ஆட்டக்காரர்னு போடாம மதிப்புமிக்க ஆட்டக்காரர்னு ஏன் போட்டாங்க? செறப்பு வேற, மதிப்பு வேற இல்ல?"

எனக்குத் தோற்பது பிடிக்காது. வாதத்தில் என் கட்சி சரிகிறது என்றால் குரல் ஏறிவிடும். அன்றைக்கும் ஏறியது.

"இன்னா பாய் பேசறீங்க? வராதவனுக்கு எதுக்கு பரிசு? பாதி சீசன் படுத்துக் கெடந்துட்டு பரிசு மட்டும் வேணுமா? அவன் இல்லன்னா இன்னொருத்தன் வந்து ஆடிட்டுப் போறான். யாருக்காவும் எதுவும் நிக்காது."

பாய் ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தேன், அவர் முகத்தில் ஈயாடவில்லை. திண்டிவனத்தில் இறங்கியதும் தினமும் மூவரும் சேர்ந்துதான் வெளியே நடப்போம். அன்று பாய் தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

மறுநாள் விக்கிரவாண்டியில் அவர் ஏறவில்லை. டீச்சர் என்னைப் பிடித்து உலுக்காத குறை. "நேத்து அவரு யாருக்கு வக்காலத்து வாங்கினாருன்னு நெனச்சீங்க, எட்டாம் நம்பருக்கா? பட்டறையில அவர் எடத்துல இன்னொருத்தர் உக்காந்திருக்காருன்னு முந்தாநாளுதான் சொன்னாரு. நீங்க படுத்துக் கெடந்தவன்னு சொல்றீங்க. இன்னொருத்தன் வந்து ஆடிட்டுப் போறான்னு சொல்றீங்க."

எனக்குச் சுருக்கென்றது. மண்டிக்குப் போனதும் பாய்க்குப் போன் போட்டேன். எடுத்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் சங்கடம். "இன்னைக்கி பஸ்ல வந்துட்டேன் சார். பஸ்ஸுதான் ஜல்தியா போவுது." பிளேட்டு வைத்த காலோடு காலை நேரத்து பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். உட்கார இடம் கொடுத்திருப்பார்களா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வேறு எதையோ பேசிவிட்டு வைத்தேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, முகூர்த்த நாள், வண்டியில் நெரிசல். துண்டைப் போட்டேன். விக்கிரவாண்டி வந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பாய் இல்லை. வண்டி நகர்ந்துவிட்டது, சட்டப்படி துண்டை எடுத்திருக்க வேண்டும். கை போகவில்லை. பட்டுப் புடவை மனைவியோடும் பெரிய பையோடும் நின்றுகொண்டிருந்த ஒருவர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா சார், ஆளு எங்க?"

"வருவாரு."

"எந்த ஸ்டேஷன்ல?"

தாண்டி வந்த ஸ்டேஷனின் பெயரைத்தான் சொல்ல வேண்டும். துண்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன். அவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "வராதவனுக்கு எதுக்குய்யா எடம்?"

என் வார்த்தை அப்படியே. பரிசு இருந்த இடத்தில் இடம் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். நான் எழுந்து அவரோடு சண்டைக்கு நின்றேன். "மரியாதயா பேசுங்க, அவன் இவன்னு சொல்லாதீங்க, அவரு வருவாரு" என்று கத்தினேன். பெட்டியே திரும்பிப் பார்த்தது. கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்கு விளங்கியது. நாலு மாதம் நான் துண்டு போட்டது கைப் பழக்கத்தால் இல்லை. பாய் இல்லாத அந்த இடத்தில் எத்தனையோ பேர் உட்கார்ந்து எழுந்து போனார்கள், ஒருவர்கூட எனக்குப் பாய் ஆகவில்லை. அவர் இல்லாமல் எனக்கு அந்த ரயில் பிடிக்கவில்லை, அதுதான் விஷயம். பாய் சொன்ன நியாயத்துக்கு நானே நாலு மாதமாகத் தினமும் சாட்சி சொல்லிவிட்டு, வாயால் மட்டும் எதிர் வழக்கு ஆடியிருக்கிறேன்.

துண்டை எடுத்துக்கொண்டேன். பட்டுப் புடவைக்காரம்மா உட்கார்ந்து, "வர வேண்டியவரு யாருங்க, ஒங்க அண்ணனா?" என்று தணிந்த குரலில் கேட்டார். "ஆமாங்க" என்றேன். எதிரே டீச்சர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை விக்கிரவாண்டியில் தடி முதலில் ஏறியது, பிறகு பாய். டீச்சர் போன் செய்திருக்கிறார், ஓட்டு இருக்கிறது, நேரில் வராவிட்டால் செல்லாது என்று. துண்டின் மேல் உட்கார்ந்தார். நான் இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை.

"பாய், அன்னைக்கி நான் பேசினது தப்பு."

"அத வுடுங்க சார். கீப்பருக்காவப் பேசினீங்க, அவ்ளோதான்."

"இல்ல பாய், தப்பு" என்று மறுபடி சொன்னேன். அவர் என் தொடையில் ஒரு தட்டு தட்டினார். மயிலம் வரை மூவரும் வெயிலைப் பற்றிப் பேசினோம்.

மயிலம் தாண்டியதும் டிபன் பாக்ஸ் மூடி வந்தது. கையால் மறைத்துக்கொண்டு எழுதி, மடித்துப் போட்டோம். டீச்சர் முதல் சீட்டைப் பிரித்தார். ஒன்பது. அது அவருடைய கையெழுத்துதான், மூவரும் சிரித்தோம். இரண்டாவது சீட்டு, எட்டு. பாய் எட்டிப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். "இது என் எழுத்து இல்லியே" என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சீட்டு, ஒன்று.

எனக்குப் புரியவில்லை. "இன்னா பாய் இது, எட்டாம் நம்பர இப்டி அம்போன்னு வுட்டுட்டீங்க?"

"டீச்சர் போன்ல எல்லாம் சொன்னாங்க" என்றார் பாய். "படுத்துக் கெடந்தவன் எப்டி சார் பெரிய ஆளு? அவன் வர மாட்டான்னு தெரிஞ்சும் நாலு மாசம் தெனம் வந்து எடம் போட்டுக்கினு இருந்தான் பாருங்க, அவன்தான் ஆளு. தெனம் வர்றவனுக்குத்தான் என் ஓட்டு."

டீச்சருக்கு வாயில் எதுவும் நிற்காது என்று கோபமாகச் சொல்லப் பார்த்தேன். கோபம்தான் வரவில்லை. டீச்சர் சீட்டுகளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, மூன்று நம்பருக்கும் தலா ஒரு ஓட்டு, அதனால் மூன்று பேரும் தோற்றோம், மூன்று பேரும் மல்லாட்டை கொண்டுவர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். லீக்காரர்கள் அசல் விருதை யாருக்குக் கொடுத்தார்கள் என்பது இன்றைக்கு எங்கள் மூவரில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

பட்டறையில் பாய்க்கு இன்னும் அந்த வாசல் ஸ்டூல்தான். மேஜை திரும்பக் கிடைக்கவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அந்தச் சனிக்கிழமை திண்டிவனத்தில் இறங்கும்போது, பாய் தான் உட்கார்ந்திருந்த துண்டை எடுத்து உதறி, நாலாக மடித்து, என் தோளில் போட்டார்.

"திங்கக்கெழமை எடம் போட மறந்துடாதீங்க சார்."

"வர்றீங்களா?"

"வரலன்னாலும் போடுவீங்க இல்ல" என்று சொல்லிவிட்டு, நான் கூட வருகிறேனா என்று திரும்பிப் பார்த்தபடி தடியை ஊன்றி நடந்தார்.